இரண்டு பேர் கஞ்சி

“ஒரு ஆளுக்கு எதுக்கு ரெண்டு பேர் கஞ்சி?”

முகாம் குமாஸ்தா காசிலிங்கம் போட்ட சத்தத்தில் வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அவருக்கு வேண்டியதும் அதுதான்.

தூக்குச்சட்டியை நீட்டியபடி நின்ற மீன்காரி அஞ்சலாட்சி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “எங்க வூட்டு பின்கட்டுல இன்னொரு ஆளு இருக்குதுய்யா. தனக்கொடின்னு பேரு.”

“எந்த வீடு?”

“முசியே வீடுங்க.”

பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிற பழைய வீடு அது. முசியே என்று எல்லாரும் கூப்பிட்ட பிரெஞ்சு முதலாளி கப்பலேறிப் போன பிறகு, அறை அறையாகத் தடுத்து வாடகைக்கு விட்டிருந்தார்கள். புயல் மழையில் முன்சுவர் சரிந்ததும், அங்கிருந்த பதினோரு குடித்தனத்தையும் இந்தப் பள்ளிக்கூடத்து முகாமுக்கு அப்புறப்படுத்தினார்கள். தண்டோரா போட்டு, பள்ளிக்கூட வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வந்தவர்களை ஒவ்வொருவராகப் பெயர் கேட்டு எழுதியவர் காசிலிங்கம். அந்தப் பட்டியலில் தப்பு என்று எவராவது சொன்னால் மனிதருக்குப் பொத்துக்கொண்டு வரும்.

“லிஸ்ட்ல தனக்கொடியும் இல்ல, தங்கக்கொடியும் இல்ல! தெருத்தெருவா தண்டோரா போட்டாச்சு. இருந்தவங்க எல்லாம் வந்தாச்சு. இன்னிக்கு அந்த வீட்டையே இடிக்கப் போறாங்க. அங்க எப்படி ஆள் இருக்கும்?”

“அதத்தான்யா மூணு நாளா சொல்றேன். இடிக்கிற ஆபீசுல போய் சொன்னேன், முகாம்ல சொல்லுன்னாங்க. இங்க பியூனுகிட்ட சொன்னா, லிஸ்ட் முடிஞ்சுபோச்சுன்றாரு. அதுக்கு வந்துய்யா...”

“நிறுத்து! கஞ்சி ஊத்தறவன் ஏமாந்தவன்னு மூணு நாளா ரெண்டு பேர் கஞ்சி வாங்கி வித்துட்டு, கதை வேற அளக்கிறியா? மீன்காரி புத்தி போகுமா?”

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அஞ்சலாட்சி தலையைக் குனிந்துகொண்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி, ஒரு பேர் கஞ்சியோடு நகர்ந்தாள்.

அந்தக் கஞ்சியையும் அவள் குடிக்கவில்லை. தூக்குச்சட்டியை மூடிக்கொண்டு விறுவிறுவென்று வாசலைத் தாண்டிப் போனாள்.

‘விற்கத்தான் போகிறாள். கையும் களவுமாகப் பிடிக்கிறேன் பார்’ என்று குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே கிளம்பினார் காசிலிங்கம்.

அவள் மார்க்கெட் பக்கம் திரும்பவே இல்லை. நேரே முசியே வீட்டுக்குப் போனாள். அங்கே கூரைமேல் நாலு பேர் கடப்பாறையோடு வேலையை ஆரம்பித்திருந்தார்கள்.

“ஐயோ, நிறுத்துங்கய்யா! உள்ள ஆளு இருக்குது!” என்று கத்திக்கொண்டே, விழுகிற காரைக்கு நடுவில் உள்ளே ஓடினாள்.

“ஆள் யாரும் இல்லம்மா! மூணு தரம் கூப்புட்டுப் பாத்துட்டோம், பதிலே இல்ல!” என்றான் மேலே நின்ற மேஸ்திரி.

காசிலிங்கத்துக்குத் திக்கென்றது. “நிறுத்துய்யா! நிறுத்து!” என்று அலறியபடி அவரும் உள்ளே நுழைந்தார்.

பின்கட்டு மூலையில் ஒரு பெண் சாக்கைப் போர்த்திக்கொண்டு ஒடுங்கிக் கிடந்தாள். முப்பது வயது இருக்கும். தலையெல்லாம் சுண்ணாம்பு. அவளை அணைத்தபடி அஞ்சலாட்சி நிமிர்ந்து பார்த்தாள்.

“இதுக்குக் காதும் கேக்காது, வாயும் பேசாதுய்யா. நீங்க போட்ட தண்டோரா இதுக்கு எப்படிய்யா கேக்கும்?”

அதற்குள் அந்தப் பெண் காசிலிங்கத்தைப் பார்த்துவிட்டாள். தொண்டைக்குள்ளேயே ஒரு சத்தம் போட்டு, அஞ்சலாட்சியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, அவரைப் பார்த்துக் கும்பிட்டாள்.

“என்னைப் பார்த்து எதுக்கு இப்படிப் பயப்படுது?”

“மொத நாளே மூட்டையோட எல்லாரு பின்னாலயும் முகாமுக்கு வந்துதாம்யா. வாசல்ல நீங்க மூணு தரம் பேரு கேட்டீங்களாம். பதில் வரலன்னதும், கஞ்சிக்கு வந்த பிச்சைக்காரின்னு குடைக் காம்பால நெட்டித் தள்ளினீங்களாம். பாத்தவங்க சொன்னாங்க. அன்னியிலேர்ந்து எவ்ளோ இழுத்தும் வரமாட்டேங்குது.”

அவருக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்கு அவளை அவர் சரியாக முகம்கூடப் பார்க்கவில்லை. கையிலிருந்த குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

தனக்கொடியின் மூட்டையை அவரே தூக்கிக்கொண்டார்.

முகாமுக்குச் செய்தி முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. ஜீப்பில் வந்திருந்த பெரிய ஆபீசர் காசிலிங்கத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“லிஸ்ட்ல இல்லாத ஆளையும் தேடிப் போய்க் காப்பாத்தியிருக்கீங்க. உங்களை மாதிரி நாலு பேர் இருந்தாப் போதும்! எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

வரிசை கை தட்டியது. காசிலிங்கம் அஞ்சலாட்சியைப் பார்த்தார். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் வேலை போய்விடும். போகவேண்டியதுதான் என்று அவருக்கே தோன்றியது.

“ஐயாதாங்க ஓடியாந்து கடப்பாறைய நிறுத்தினாரு. இல்லேன்னா இவ ஏது?” என்றாள் அஞ்சலாட்சி. அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை.

ஜீப் போனது. காசிலிங்கம் தானே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதுதான் எல்லாவற்றையும்விட அசிங்கமாக இருந்தது. பட்டியலின் கடைசியில் தனக்கொடியின் பெயரை எழுதிவிட்டு, அஞ்சலாட்சியிடம் வந்தார். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“ஏம்மா, நடந்ததை ஆபீசர்கிட்ட சொல்லியிருக்கலாமே?”

தனக்கொடிக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டே அஞ்சலாட்சி சொன்னாள்:

“எல்லாரு எதிர்லயும் தலையக் குனிஞ்சிக்கினு நிக்கறது எப்படி இருக்கும்னு காலையிலதான்யா பட்டேன். அது இன்னொருத்தருக்கு வேணாம்.”