கத்துக்கறவருக்கு ஒரு கட்டுத் தாள்

கடைக்காரர் எடுத்துப் போட்ட தாளை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, வேண்டாமென்று தள்ளிவைத்தாள் அவள்.

நல்ல தாள்தான். நல்ல கனம், லேசான சொரசொரப்பு, பென்சில் வழுக்காது. விலையும் கையைக் கடிக்கிற விலையில்லை.

வரையக் கற்றுக்கொள்ள என்று மட்டும்தான் சொல்லியிருந்தாள். வீட்டில் ஏதோ பிள்ளைக்குப் படம் வரைகிற ஆசை வந்திருக்கிறது என்று கடைக்காரர் தானாகவே முடிவுகட்டிக்கொண்டார். அவள் இல்லையென்றும் சொல்லவில்லை, ஆமாமென்றும் சொல்லவில்லை.

அடுத்தது, அதற்கடுத்தது என்று அவரும் சளைக்காமல் எடுத்துப் போட்டார். எதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் தானே குனிந்து, கீழ்த்தட்டிலிருந்து ஒரு கட்டை இழுத்தாள். பழுப்பேறின மெல்லிசுத் தாள். கண்ணாடிச் சாமான் சுற்ற வாங்கிப்போவார்கள்.

கைப்பையிலிருந்து பென்சிலும் ரப்பரும் எடுத்தாள். ஓரத்தில் ஒரு கோடு இழுத்து அழித்தாள். தாள் பொறுத்துக்கொண்டது. மறுபடி கோடு, மறுபடி ரப்பர். பஞ்சுபோல நார் கிளம்பியது. இன்னொரு தடவை அழித்ததும் பொத்துக்கொண்டது.

வெகுநாளாகப் பார்க்காத ஆளைத் தெருவில் பார்த்ததுபோல அவள் முகம் மலர்ந்தது.

கடைக்காரர் நல்ல மனுஷர். விற்றால் போதுமென்று இருக்க அவரால் முடியவில்லை.

"இது வேணாம்மா. ரெண்டு தடவ அழிச்சா கிழிஞ்சிடும். கத்துக்கற புள்ள வெறுத்துப்போய் விட்டுடும்."

"நானும் இதுலதாங்க ஆரம்பிச்சேன். கத்துக்கறவங்களுக்கு இதுவே அதிகம்னுதான் எனக்குச் சொன்னாங்க."

ஆரம்பித்தது உண்மை. கற்றுக்கொண்டதுதான் இல்லை.

அப்போது அவளுக்கு வரையவேண்டுமென்று கொள்ளை ஆசை. சோறு தண்ணீர் மறந்து உட்கார்ந்திருப்பாள். கற்றுக்கொடுக்கிறேன் என்றவர் இந்தத் தாளைத்தான் வாங்கிக் கொடுத்தார். அவருடைய தாள் பூட்டின அலமாரியில் இருந்தது.

அழித்து அழித்து ஓட்டை விழுந்த தாளை அவர் தூக்கிப் பிடிப்பார். ஓட்டையில் ஒரு கண்ணை வைத்து, வீட்டுக்கு வந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்ப்பார். அவர்கள் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். அவளும் சிரித்துவைப்பாள். வேறென்ன செய்வது?

உள்ளுக்குள் நொறுங்கிப்போனாள். அதற்குப் பிறகு ஒரு கோடு இழுத்ததில்லை. இன்றைக்கு இந்தக் கடையில் இழுத்ததுதான்.

கட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

கூடத்துச் சுவர் முழுக்கப் பெரிய மனிதர்களின் முகங்கள், எல்லாவற்றின் மூலையிலும் ஒரே கையெழுத்து. கையெழுத்துக்குச் சொந்தக்காரர், அவளுக்கு அன்று வரையக் கற்றுக்கொடுத்த அவள் கணவர், ஜன்னலோர நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

பக்கவாதம் வந்ததிலிருந்து வலது கை மடியில் யாரோ மறந்துவைத்த பொருளாய்க் கிடந்தது. பேச்சும் போய்விட்டது. இடது கையால் முதலிலிருந்து பழகினால் ஓரளவு வரையலாம் என்று டாக்டர் சொன்ன அன்றைக்குத்தான் மனிதர் மறுபடி ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்தார். அந்த ஒரு நம்பிக்கையில்தான் உயிர் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் மடியில் பலகையை வைத்து ஒரு தாளைச் செருகினாள்.

இடது கட்டைவிரலால் அதைத் தடவினார். தடவியதும் தெரிந்துவிட்டது. நிமிர்ந்து அவளைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

அவள் பென்சிலை ஊசிபோலச் சீவி, அவர் விரல்களுக்கிடையில் பொருத்தினாள்.

"சாயங்காலம் உங்க சிநேகிதங்க எல்லாரையும் வரச் சொல்லியிருக்கேன். நீங்க ஆரம்பிங்க."

வருகிறவர்கள் உட்கார, நாற்காலிகளை அவருக்கு எதிரே வரிசையாகப் போட ஆரம்பித்தாள்.