பெட்டியைப் பார்க்க வந்தவள்

"வந்துட்டா பாரு, பொட்டியப் பாக்க!"

வெண்டியின் கார் வாசலில் நின்றதுமே பெட்ரீசியாவுக்கு வாய் நமநமத்தது. அவள் வீட்டு ஜன்னலுக்கு நேர் எதிரே அண்ணன் யேசுதாசனின் வாசல். அங்கே ஒரு பூனை நுழைந்தாலும் அவளுக்குத் தெரிந்துவிடும்.

வெண்டி யேசுதாசனின் ஒரே மகள். கோலாலம்பூரில் கல்யாணங்களுக்குப் படம் எடுக்கிறாள். எடுத்ததெல்லாம் லேப்டாப்பில் இருக்கும். அதற்கு ஏதாவது ஆனால் ஊரார் கல்யாணமெல்லாம் போச்சு. அதற்காகத்தான் சிலிபினில் இருக்கும் அப்பா வீட்டு டிவிக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு ஹார்ட் டிஸ்க் பெட்டி வைத்திருந்தாள். வயர் எதுவும் சொருக வேண்டியதில்லை. லேப்டாப் வீட்டு வைஃபைக்குள் வந்தால் போதும், எல்லாப் படத்துக்கும் ஒரு நகல் தானாகப் பெட்டிக்குள் போய்விடும். மாதம் ஒரு தடவை அதற்காக வருவாள்.

"அதுக்கு மட்டுந்தான் வருவா," என்பாள் பெட்ரீசியா, சர்ச்சில் யாரைப் பார்த்தாலும். "மெர்சி அண்ணி தவறிப் போனப்புறம் மனுசன் ஒத்தையில கெடக்குறாரு. இவளுக்கு அப்பா வீடு ஸ்டோர் ரூமு!"

தன் மகன் ரோய்ஸ்டன் சிங்கப்பூர் போய் இரண்டு கிறிஸ்மஸ் ஆகியும் வாசலை மிதிக்காததைப் பற்றி மட்டும் பேச மாட்டாள். யாராவது கேட்டால், "வேலை ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். பாவம்தான். ஆனால் அந்த வாய் இருக்கிறதே!

இன்று நேரிலேயே கேட்டுவிடுவது என்று கிளம்பிவிட்டாள்.

அங்கே யேசுதாசன் அடுப்படியில் கம்பத்து நாட்டுக்கோழியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வெண்டி மகாராணி சோபாவில் காலை நீட்டி, மடியில் லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தாள்.

"ஏன்டி, இப்பெல்லாம் இண்டர்நெட்டுலயே ஏத்தி வச்சிக்கலாமாமே? இந்தப் பொட்டிய நீயே தூக்கிட்டுப் போயிரேன். எங்கண்ணன் அடுப்புல வேகுறதாவது மிச்சம்!"

உள்ளே கரண்டி விழுந்த சத்தம் கேட்டது.

"பெட்ரீசியா! இங்க கொஞ்சம் வா!"

போனாள். யேசுதாசன் குரலைத் தாழ்த்தினார்.

"பொட்டியத் தூக்கச் சொல்லாதலா. அது செத்துப்போச்சு."

"என்னது?"

"அன்னைக்கு இடி விழுந்து ஒங்க வீட்டு டிவி போச்சே, அப்பவே இதுவும் ரோசாக், கெட்டுப்போச்சு. கடைக்குத் தூக்கிட்டுப் போனேன். உள்ள எதுவும் ஏறாது, வெளக்கு மட்டுந்தான் எரியும்னுட்டாரு கடைக்காரரு."

"அவகிட்டச் சொல்லலையா?"

"சொன்னா அப்புறம் எதுக்கு வருவா?" அவர் சட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மாசம் பூரா இந்த ஒரு நாளுக்குத்தான் காத்துக் கெடக்கேன். அவ கொரலு இல்லாட்டி இந்த வீட்டுல எனக்குச் சோறே எறங்கல."

பெட்ரீசியாவுக்கு ஒரு நிமிஷம் பாவமாக இருந்தது. அடுத்த நிமிஷமே கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நல்ல அப்பாண்ணே நீங்க! நாளைக்கு லேப்டாப் படுத்துக்கிச்சின்னா புள்ள பொழப்பு என்னாவுறது? இன்னொரு தரம் தாலி கட்டுங்கன்னு போயி நிப்பாளா?"

அவர் குழம்பைக் கிண்டிக்கொண்டே இருந்தார்.

இதற்குமேல் பொறுக்குமா பெட்ரீசியாவுக்கு? "கறிவேப்பில பறிக்கணும், வாடி" என்று வெண்டியைப் பின்பக்கம் இழுத்துப் போனாள். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினாள். பெண் குதிகுதியென்று குதிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தாள்.

வெண்டி சமையல்கட்டு ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள்.

"மெதுவா அத்தே! அப்பா காதுல விழுந்துரப் போவுது. அது செத்தது எனக்குத் தெரியும்."

"தெரியுமா?"

"போன தடவ வந்தப்பவே லேப்டாப் சொல்லிருச்சே, பொட்டியக் காணோம்னு. படமெல்லாம் கோலாலம்பூர்லயே பத்திரமா வேற எடத்துல ஏத்திட்டுத்தான் வாரேன்."

"அப்ப எதுக்குடி இவ்ளோ தூரம் வர்ற?"

வெண்டி ஒரு கறிவேப்பிலையைக் கிள்ளினாள்.

"அப்பாவப் பாக்காம இருக்க முடியல அத்தே. சும்மா வாரேன்னு சொன்னா விடமாட்டாரு. 'எதுக்கும்மா அலையற, வேலையப் பாரு, நான் நல்லாத்தான் இருக்கேன்'னு தடுத்துருவாரு. பொட்டிக்குன்னு சொன்னா மட்டுந்தான் வாயத் தொறந்து 'எப்பம்மா வர்ற'ன்னு கேக்குறாரு."

கறிவேப்பிலைக் கொத்தில் வைத்த கை அப்படியே நின்றுவிட்டது பெட்ரீசியாவுக்கு.

போன ஞாயிற்றுக்கிழமை ரோய்ஸ்டன் போனில் கேட்டான், "வரவாம்மா?" என்று. "எதுக்குடா அலையற, வேலையப் பாரு, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று அவளும் அதையேதான் சொன்னாள். போனை வைத்துவிட்டுச் சாயங்காலம்வரை அழுதாள்.

"வெண்டி..."

"என்ன அத்தே?"

"அந்த மாதிரி ஒரு பொட்டி எனக்கும் வாங்கிக் குடுலா. ரோசாக் ஆனதா இருந்தாலும் பரவால்ல."