நாலாம் இடத்து மகான்

சதுரங்கம் மௌனத்தின் கலை. மனிதகுலம் வாயை மூடிக்கொண்டு செய்த மகத்தான காரியங்களில் அதற்கே முதலிடம்.

இப்படிச் சொன்னவர் சதுரங்க மன்றத் தலைவரான வக்கீல். ஆட்டம் தொடங்கியபோது சொல்ல ஆரம்பித்தவர், ஆட்டம் முடியப்போகிறது, இன்னும் சொல்லி முடிக்கவில்லை.

எதிரே உட்கார்ந்திருந்த பல் டாக்டர் பல்லைக் கடித்தார். அப்படிக் கடிக்கக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர்.

அவருடைய நாற்காலியில் உட்காருகிறவர்கள் வாயைத் திறப்பார்கள், ஆனால் பேச மாட்டார்கள். அந்த ஒழுங்குக்குப் பழகிப்போன காது அவருடையது.

இது இறுதி ஆட்டம். ஜெயிப்பவருக்குக் கேடயம். அது பல வருஷமாக வக்கீல் வீட்டுக் கூடத்திலேயே தொங்கிக்கொண்டிருக்கிறது. வக்கீல், டாக்டரின் மனைவிக்கு அண்ணன் வேறு. அதனால் டாக்டரின் தோல்விகள் மன்றத்தோடு முடிவதில்லை. குடும்பம் சாப்பிட உட்காரும்போதெல்லாம் உப்பு டப்பாவும் தம்ளரும் காய்களாகி, தோற்ற ஆட்டம் மறுபடி ஆடிக்காட்டப்படும்.

இந்த வருஷம் டாக்டர் க்ளினிக் சுவரில் ஆணியே அடித்துவிட்டார். சாய்ந்து படுத்திருப்பவரின் கண்ணுக்கு நேராக. பார்த்தவர்களிடமெல்லாம் கேடயத்துக்கு என்று சொல்லியும் ஆயிற்று.

ஆட்டத்தின்போது யாரும் பேசக் கூடாது என்பது மன்றத்தின் விதி. விதியை எழுதியவர் வக்கீல் என்பதால் அது மற்றவர்களுக்கு மட்டும்.

வக்கீலுக்குச் சமீபத்தில் ஒரு வாழ்க்கை வரலாறு பிடித்திருந்தது, பேய் பிடிப்பதுபோல. யாரும் கேள்விப்படாத ஒரு ஸ்வீடன் நாட்டு ஆட்டக்காரரைப் பற்றிய தலையணைத் தடிமன் புத்தகம். இரண்டு பிரதி வாங்கி, ஒன்றை டாக்டருக்குக் கொடுத்திருந்தார்.

"முதல் இடத்த எவன் வேணாலும் பிடிப்பான் மாப்ளே. வாழ்நாள் பூரா நாலாவது இடத்த விடாம பிடிச்சு வெச்சிருந்தார் பாருங்க, அவர்தான் மகான்."

டாக்டரின் கண் பலகையில் இருந்தது. அவருக்கு ஒரு வழி தெரிந்துவிட்டது.

மேசையோரத்தில் இரட்டை முகக் கடிகாரம். காயை நகர்த்தியவர் பொத்தானை அழுத்தினால் அவர் பக்கம் நின்று எதிராளியின் பக்கம் ஓடும். யாருடைய நேரம் தீர்கிறதோ அவருடைய சின்னச் சிவப்புக் கொடி விழும், அவர் தோற்றார். இரண்டு பக்கமும் நேரம் கொஞ்சம்தான் மிச்சம்.

டாக்டர் குதிரையைத் தூக்கினார். ராஜாவையும் ராணியையும் ஒரே நேரத்தில் மிரட்டும் கட்டத்தில் வைத்தார். ராஜா நகர்ந்தாக வேண்டும். ராணி போயாக வேண்டும்.

கடவாய்ப் பல்லை வேரோடு பிடுங்கிய திருப்தியுடன் கைகளைக் கட்டிக்கொண்டு சாய்ந்தார். சுற்றி நின்றவர்கள் மூச்சைப் பிடித்தார்கள்.

வக்கீல் பலகையைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு டாக்டரை ஒரு கனிவோடு பார்த்தார். தங்கையைக் கைப்பிடித்துக் கொடுத்த அன்றுகூட அந்தக் கனிவு அவர் கண்ணில் இருந்ததில்லை.

"மாப்ளே, அந்தப் புஸ்தகத்துல பதினோராம் அத்தியாயம்னு ஒண்ணு வருது..."

மறுபடியுமா! டாக்டருக்கு உச்சி வரை ஏறியது. தோற்கப்போகிற மனுஷன் பேசியே ஆளைக் கலைக்கப் பார்க்கிறார்.

"படிச்சாச்சு மச்சான்."

"முழுசாவா?"

"அட்டையிலேர்ந்து அட்டை வரைக்கும். பதினொண்ணு மனப்பாடம். ஆடுறதா இருந்தா ஆடுங்க, இல்லைன்னா ஒத்துக்குங்க."

வக்கீலின் முகத்தில் மரியாதை படர்ந்தது. "அப்ப நான் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல" என்றார்.

வாயை மூடினார். வரலாறு காணாத மௌனம்.

கடிகாரம் டிக் டிக்கென்று ஓடியது. கரையட்டும், நன்றாகக் கரையட்டும் என்று டாக்டர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடிகாரத்தைப் பார்ப்பது பதற்றக்காரர்களின் வேலை.

நடுவராக இருந்த கணக்கு வாத்தியார் இருமினார். சுவரோரம் நின்ற மருந்துக்கடைக்காரரும் இருமினார். நிலைமை இப்படியே போனால் ஊருக்கே நெஞ்சுச்சளி வரும் போலிருக்கிறது என்று டாக்டர் எரிச்சலோடு நினைத்துக்கொண்டார்.

டக்.

"கொடி!" என்று வாத்தியார் கத்தினார்.

டாக்டர் எழுந்து பெருந்தன்மையாகக் கையை நீட்டினார்.

"மனசுல வெச்சுக்காதீங்க மச்சான். நாலாவது இடமும் கௌரவமான இடந்தான்."

வாத்தியார் அவருடைய சட்டைக் கையைப் பிடித்து மெதுவாக இழுத்தார். "டாக்டர், விழுந்தது உங்க கொடி."

குதிரையை வைத்த கை கடிகாரத்துக்குப் போகவே இல்லை. நேராகக் கட்டிக்கொள்ளப் போய்விட்டது.

"ஏன் மச்சான், ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொல்ல வந்தேனே மாப்ளே! பதினோராம் அத்தியாயமே அதுதான். பெரிய போட்டி, கடைசி ஆட்டம். எதிராளி பிரமாதமா ஒரு காய நகர்த்திட்டு, கடிகாரத்த அழுத்த மறந்து சாஞ்சு உக்காந்துட்டான். நம்ம ஸ்வீடன்காரர் விரலை நீட்டி கடிகாரத்தக் காட்டினார். காட்டினதால தோத்தார். நாலாவது இடம்." வக்கீல், பரிசுக்காக வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த கேடயத்தை வேட்டியின் நுனியால் துடைத்தார். "உங்களுக்கு மனப்பாடம்னீங்க. படிச்ச மனுஷனுக்குப் போய் ஞாபகப்படுத்தினா மரியாதையா இருக்குமா?"

டாக்டர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

அவருடைய பிரதி க்ளினிக்கில்தான் இருக்கிறது. குழந்தைகளுக்குப் பல் பார்க்கும்போது, உயரம் போதாததால் அதன்மேல் உட்கார வைப்பார்.

கடையில் போட்ட பிளாஸ்டிக் உறையை இன்னும் பிரிக்கவில்லை. துடைக்கச் சுலபம்.