காரில் அடித்த வாடை

"ஜமால்தீன் நானா இனிமே நம்ம பிள்ளைகளை ஏத்த வேணாம்."

ஞானசுந்தரம் ஒரே போடாகப் போட்டுவிட்டார். நீர்ப்பாசன இலாகாவில் பெரிய கிளார்க். பலாபத்வலயில் அவர் ஒன்று சொன்னால் மற்றப் பெற்றோர்கள் தலையாட்டிவிடுவார்கள்.

ஊரே அண்ணன் முறை வைத்து 'நானா' என்று கூப்பிடும் ஜமால்தீனிடம் இருந்தது ஒரு பழைய மொரிஸ் மைனர் கார். ஆறு பிள்ளைகளை மாத்தளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்க் கொண்டுவருவார். ஒன்பது வருஷமாக அவர் வீட்டில் உலை கொதிப்பது அந்த ஓட்டத்தால்தான்.

நடந்தது இதுதான். கடை திறந்தால் உயிர் போகும் என்று கிளர்ச்சிக்காரர்கள் சுவரெல்லாம் நோட்டீஸ் ஒட்டியிருந்த எண்பத்தொன்பதாம் வருஷம். பஸ் இல்லை, பெட்ரோல் ஷெட் எல்லாம் பூட்டு. அப்படி ஒரு நாள் மத்தியானம் மங்கையற்கரசி டீச்சருக்குப் பிரசவ வலி வந்துவிட்டது. ஜமால்தீன்தான் காரில் வெள்ளைத் துணியைக் கட்டிக்கொண்டு அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார். தாயும் பிள்ளையும் சுகம்.

ஊர் அவரைப் புகழ்ந்தது. எல்லாம் இரண்டு நாளைக்குத்தான்.

அன்றைக்கு அவர், கள்ளச் சாராயம் காய்ச்சுகிற கசிப்புக்காரன் வீட்டுப் பின்பக்கத்திலிருந்து நாலு போத்தலோடு வந்ததைக் கண்ணால் பார்த்த ஆள் இருந்தது. போதாததற்கு டீச்சரே, "கார் பூரா ஒரே சாராய வாடைங்க, குமட்டிருச்சு" என்று வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டார்.

ஞானசுந்தரம் ஜமால்தீனைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"குடிச்சீங்களா?"

"இல்லீங்க ஐயா."

"அப்ப போத்தல் வாங்கினது பொய்யா?"

"வாங்கினது உண்மைதான்."

"எதுக்கு?"

ஜமால்தீன் தலையைக் குனிந்துகொண்டார். அவ்வளவுதான். பள்ளிவாசலில்கூட இரண்டு பேர் அவருக்கு ஸலாம் சொல்வதை நிறுத்திவிட்டார்களாம்.

பள்ளிக்கூடம் திறக்கிற நாள் வந்தது. பிள்ளைகளை அனுப்பப் போவதில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட ஞானசுந்தரம் புறப்பட்டார். கார் புஹாரியின் கராஜில் கிடந்தது. ஜமால்தீன் தொழப் போயிருந்தார். புஹாரி மட்டும் காரின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

"வாங்க ஐயா. இந்த வண்டி இப்போதைக்கு எழும்பாது."

"என்னவாம்?"

புஹாரி ஒரு ரப்பர் துண்டை எடுத்துக் காட்டினார். ஊறின அப்பளம் மாதிரி உப்பி, நெளிந்து போயிருந்தது.

"பெட்ரோல் பம்புக்குள்ள இருந்தது. பழைய ரப்பர், தாங்கல. டாங்க் அடியில முப்பது வருஷமாப் படிஞ்ச கசடெல்லாம் கரைஞ்சு வந்து காபுரேட்டரையும் அடைச்சிருச்சு. பழைய காருக்கு ஸ்பிரிட் ஊத்தினா வேற என்ன ஆகும்?"

"ஸ்பிரிட்டா? யாரு ஊத்தினது?"

"வேற யாரு, ஜமால்தீன் நானாதான். டீச்சரைக் கொண்டுபோன அன்னைக்கு டாங்க்ல ஒரு போத்தல் பெட்ரோல்கூட இல்லை. கசிப்புக்காரன்கிட்ட தண்ணி கலக்காத ஸ்பிரிட் இருக்கும்ல, அதை நாலு போத்தல் வாங்கி உள்ள ஊத்தி, சோக்கை இழுத்துப் பிடிச்சுக்கிட்டே ஓட்டியிருக்கார். நானா குடிக்கலீங்க ஐயா. கார்தான் குடிச்சிச்சு."

புஹாரி சிரித்தார். ஞானசுந்தரத்துக்குச் சிரிப்பு வரவில்லை. வெட்கமாக இருந்தது.

"இதை அந்த மனுஷன் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே."

"நானும் அதைத்தான் கேட்டேன். சொன்னா, பெட்ரோல் ஏன் கிடைக்கலைன்னு பேச்சு வருமாம். முதல்ல ஒரு வீட்டுல போய்க் கேட்டிருக்கார். வச்சுக்கிட்டே இல்லைன்னுட்டாங்களாம். அந்த வீட்டுப் பேரு ஊருக்குள்ள அடிபடும், நாளைக்கு அவங்க முகத்துல எப்படி முழிக்கிறதுங்கிறார்."

"எந்த வீடு?"

"எனக்கே சொல்லலீங்க."

ஞானசுந்தரம் வீட்டுக்கு வந்தபோது கொதித்துக்கொண்டிருந்தார். சட்டையைக்கூடக் கழற்றாமல் மனைவி சுசீலாதேவியிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தார்.

"காரு சரியானதும் நம்ம மகளை அதிலதான் அனுப்பணும். நானே ஒவ்வொரு வீடாப் போய்ச் சொல்றேன். அதில்ல விஷயம். பிரசவத்துக்குன்னு வந்து கேட்டவருக்கு, வச்சுக்கிட்டே இல்லைன்னிருக்கான் பாரு, அவன் மனுஷனா? எவன்னு தெரிஞ்சா வாசல்ல நின்னு கேப்பேன்."

சுசீலாதேவி கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள்.

"கேக்க வேணாம். விடுங்க."

"ஏன் விடணும்? ஒரு உயிர் போயிருந்தா?"

"வேற எங்கயாவது கிடைச்சிருக்கும்னு நினைச்சுத்தான் நானும் இவ்வளவு நாள் பேசாம இருந்தேன்."

"நீ என்ன சொல்றே?"

"அன்னைக்கு நீங்க சாப்பிட்டுட்டுப் படுத்திருந்தீங்க. 'பெட்ரோல் கேட்டு வந்திருக்காங்க, நம்ம மோட்டார் சைக்கிளுக்கு வச்சிருக்கிற கான்ல மூணு லீட்டர் இருக்கே'ன்னு உள்ள வந்து சொன்னேன். யாரு, யாருக்குன்னு நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள, 'இல்லைன்னு சொல்லி அனுப்பு'ன்னு திரும்பிப் படுத்துட்டீங்க. ஜமால்தீன் நானா வாசல்லதான் நின்னுக்கிட்டிருந்தார். நீங்க சொன்னது அவருக்கும் கேட்டிச்சு."