இடது பின்னங்கால்

முதுகுத்தண்டு அறுபட்ட எலிகளுக்கு நரம்பு மறுபடி துளிர்க்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை.

"எலியெல்லாம் எந்திரிச்சு ஓடுது, எம்புள்ளை மட்டும் உட்கார்ந்தே கிடக்கான்" என்பாள் மாமியார்.

ஒருநாள் காலையில் ஓர் எலியின் இடது பின்னங்காலில் ஊசியால் குத்தினாள். அது காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. மாலையில் வீடு திரும்பியபோது, இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லாத கணவன் சக்கர நாற்காலியில் அழுதுகொண்டிருந்தான்.

"காலையில இடது கால்ல சுருக்குன்னு குத்துச்சுடி!"

மறுநாள் அதே எலிக்கு வலது காலில் குத்தினாள். அவனுக்கும் வலது கால். வீடே பூரித்துச் சிரித்தது. அவள் மட்டும் எலியைக் குத்திய நேரத்தைக் குறிப்பேட்டில் சரிபார்த்தாள்.

ஆய்வு முடிந்ததும் எலிகளைக் கொன்று, தண்டைச் சீவி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பதுதான் முறை. அந்த நாளும் வந்தது.

"சீக்கிரம்மா" என்றார் தலைமை ஆய்வாளர். அந்த எலியை இடுப்பில் பிடித்துத் தூக்கினாள். போன் அடித்தது.

"இடுப்பை யாரோ பிடிச்சிருக்காங்க" என்று சிரித்தான் கணவன். "உன் கை மாதிரியே இருக்கு."