பேச வைத்த மாத்திரை

"அந்த மாத்திரை இல்லேன்னா, அதுக்குச் சமமா வேற ஒண்ணு குடு தங்கச்சி. எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் அது நின்னுடக் கூடாது."

தையல்காரம்மாவின் கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது. கணவரின் மாத்திரை டப்பா காலியாகப் போவதைப் பார்த்ததும் போட்டது போட்டபடி ஓடி வந்திருந்தாள்.

மருந்துக்கடைக்காரி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "சமமா நிறைய இருக்குக்கா, எல்லாம் ஸ்டீராய்டு மாத்திரைதான். பிரெட்னிசோலோன் அஞ்சு மில்லிகிராமும், மெத்தில் பிரெட்னிசோலோன் நாலும் ஒண்ணு. டெக்ஸாமெத்தசோன்னா முக்கால் மில்லிகிராமே போதும்."

"முக்காலுக்கே அவ்வளவு வீரியமா? அப்ப அதையே முழுசா குடு. இன்னும் நாலு வார்த்தை கூடப் பேசட்டும்."

"பேசறதுக்கா மாத்திரை? மூச்சு வாங்குதுன்னுதானே குடுத்தாங்க!"

கணவர் பஸ் ஓட்டுநர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று பயப்படுகிற ரகம். மூச்சுத் திணறலுக்கு இந்த மாத்திரையைத் தொடங்கிய பிறகுதான் ஆள் தலைகீழாக மாறிப்போனார். தையல் மிஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, பஸ்ஸில் நடந்த கூத்தையெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார். "தலைக்குச் சாயம் போட்டியா? நல்லாருக்கே!" என்று நேற்று ஒரு போடு போட்டார் பாருங்கள், அவளுக்கு ஊசியில் நூல் கோக்கவே கை வரவில்லை.

"சிலருக்கு இந்த மருந்து உற்சாகத்தைக் குடுக்கும்னு நீதானே சொன்னே?"

"சொன்னேன். எலும்பையும் தேய்க்கும், சர்க்கரையையும் ஏத்தும். எந்தப் பேர்ல குடுத்தாலும் அதே கதைதான். டாக்டர் சீட்டு இல்லாம ஒண்ணுகூடத் தர மாட்டேன்."

தையல்காரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "அவர் உடம்பு கெடணும்னு நான் நினைப்பேனா? ஆனா, மறுபடியும் சுவரோட பேசிக்கிட்டுக் குடும்பம் நடத்த என்னால முடியாது தங்கச்சி."

கடைக்காரியின் கேலி அடங்கியது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"சொல்ல மாட்டேன்னு அவருக்கு வாக்குக் குடுத்திருக்கேன். பரவாயில்ல. அந்த மாத்திரையை டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு, நிறுத்தியே மூணு மாசம் ஆச்சுக்கா. டப்பாவுல இருக்கறது வெறும் கால்சியம்."

"அப்ப... நேத்து பேசினது?"

"'மருந்துதான் நின்னுடுச்சே, இன்னும் எதுக்குப் பேசறீங்கன்னு அவ கேட்டா நான் என்னம்மா சொல்வேன், வெட்கமா இருக்கு'ன்னு அவரேதான் மாசாமாசம் வந்து கால்சியத்தை வாங்கிட்டுப் போறார்!"