சத்தம் வரும் பக்கம்

காது கேளாதோர் சங்கத்துக்கு இந்த வீடியோ மீட்டிங் மென்பொருளை வாங்கலாமா என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு செயலாளர் எஸ்தருடையது. கம்பெனியின் டெமோ கூடத்தில் எல்லாவற்றையும் முன்கூட்டியே பொருத்தி வைத்திருந்தார்கள். ஓர் அறையில் எஸ்தர், அடுத்ததில் விற்பனையாளன் கதிரேசன், மூன்றாவது அறையின் கேமராவுக்கு எதிரே ஒரு காலி நாற்காலி.

“நீங்க பேசினா போதும் மேடம், உங்க படம் தானா பெருசாயிடும்” என்று அவன் சொன்னது திரையின் அடியில் எழுத்தாக ஓடியது.

எஸ்தர் கைகளால் பேசத் தொடங்கினாள். திரையின் மூலையில் கட்டைவிரல் அளவுக்கே இருந்தாள். கதிரேசன் இருமினான்; அவன் முகம் திரையை நிறைத்தது. கொஞ்ச நேரத்தில் அந்தக் காலி நாற்காலி பெரிதாக வந்து நின்றுகொண்டது.

“அங்க ஃபேன் சத்தம் மேடம். சத்தம் வர்ற பக்கம்தான் திரை போகும், அப்படித்தான் செட் பண்ணியிருக்கு. நீங்க ஏதாவது பேசுங்களேன்.”

‘பேசிக்கிட்டுதான் இருக்கேன்’ என்று தட்டச்சு செய்து அனுப்பினாள்.

சங்கக் கூட்டத்தில் ஒருவரை ஒருவர் கூப்பிடத் தரை அதிரக் காலால் தட்டுவார்கள். எஸ்தர் அப்படித் தட்டினாள். நாற்காலி விலகி அவள் பெரிதானாள். தட்டுவதை நிறுத்தாமல், சொன்னதையெல்லாம் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.

“மேடம், ஒரு நிமிஷம்” என்றான் கதிரேசன். அவன் முகம் திரைக்கு வந்தது. அவள் இன்னும் ஓங்கி மிதித்தாள். மேஜைமேல் தண்ணீர் டம்ளர் அதிர்ந்தது. திரை அவளிடம் திரும்பியது.

அவன் மறுபடி வாயைத் திறந்தான். பிறகு அதைக் கையால் பொத்திக்கொண்டு, அவள் விரல்களையே பார்த்தான்.

அவள் காலை நிறுத்தவில்லை.